கிணற்றின் ஹக்கு: தோல் தொழிலும் அண்டை வீட்டாரின் உரிமையும்



ஒரு தொழில் ஹலாலா என்று கேட்டால் நாம் வழக்கமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறோம். விற்கும் சரக்கு ஆகுமானதா? முதலில் வட்டி கலந்திருக்கிறதா? இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் நம்முடைய பாலாற்றுப் பகுதியில் மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்தத் தொழிலிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நாம் ஜும்ஆ பயானில் அதிகம் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டாரின் தொழிலை விசாரிக்கும்போதும் கேட்டதில்லை. நன்கொடை வாங்கி ரசீது எழுதும்போது நமது அறக்கட்டளையும் கேட்டதில்லை.

இம்மாதப் பாடத்தில் அதைப் பேசுவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில்லாத முஸ்லிம் குடும்பம் குறைவு. முதலாளி, மேஸ்திரி, டிரம் ஓட்டுபவர், தோல் மண்டிக்காரர், ரசாயனக் கடைக்காரர், வீட்டில் அமர்ந்து செருப்புக்கு அப்பர் தைக்கும் பெண்கள் என எல்லாரும் நம்மவர்கள். ஆகவே யாரையோ குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நமது வீட்டுக் கணக்கை நாமே பார்க்கிறோம்.

தோல்: கண்ணியமான தொழில்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தோல் பதனிடுவது இழிவான தொழில் அல்ல. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சேர்ந்த பணிப்பெண் ஒருவருக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துப்போனது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, அதைச் சாப்பிடுவதுதான் தடை என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது. வீணாகப் போகும் பொருளைப் பயனுள்ளதாக மாற்றுவதற்கு நபியவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததை அல்லாஹ்வின் பாதையில் தர்மம் செய்தார்கள். ஏழைகளுக்கு அவர்கள் கொடுத்தது தமது உழைப்பில் வந்த பணம். அதற்காக எந்த அண்டை வீட்டுக்காரரும் எதையும் இழக்கவில்லை. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

பாலாற்றுப் படுகையில் நடந்தது

நமது தாத்தாக்கள் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை போன்றவற்றில்தான் தோல் ஊறியது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும் வேலை. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. அதன் பின் குரோம் பதனிடல் வேகமாகப் பரவியது. வேலை சீக்கிரம் முடிந்தது, ஏற்றுமதி பெருகியது, ஊர்கள் வளர்ந்தன. நமது பள்ளிவாசல்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் பலவும் அந்த வருமானத்தில் எழுந்தவை. இதை நன்றியோடு சொல்கிறோம்.

அதே காலத்தில் ஆற்றங்கரைக் கிணறுகள் உவர்ப்பாயின. பாலாற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. மணலுக்கு அடியில் இருக்கும் நீர்தான் அதன் செல்வம். மேலே விட்ட கழிவு மணலில் இறங்கி, பக்கத்துக் கிணறுகளில் ஊறியது. தென்னை காய்ந்தது, நெல் போனது, குடிக்க லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமன்றி கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே என்று வகுத்தது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இன்று இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார். நமது ஊர் அப்படிப் பாடப்புத்தகத்தில் ஏறியது.

தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்துக்குக் கணக்கிட்டுச் சொன்னது. 547 தொழிற்கூடங்கள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும். பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணற்றுக்கும் ஒரு தலைமுறை விவசாயத்துக்கும் அதுதான் விலை. அதுவும் எல்லாருக்கும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் இதற்குள் மண்ணறைக்குப் போய்விட்டிருப்பார்கள்.

பாலாறு கெட்டதற்கு மணல் கொள்ளையும் நகரச் சாக்கடையும் காரணம் என்று நம்மில் சிலர் சொல்வது உண்மைதான். அவரவர் பங்குக்கு அவரவர் பதில் சொல்வார்கள். நமது பங்குக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

ஷெட்டுக்குள் போகாத நமது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எளிமையாகச் சொல்கிறோம்.

ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று 1996 தீர்ப்பு குறிப்பிடுகிறது. நாளுக்கு ஆயிரம் கிலோ என்றால் 35,000 லிட்டர். அந்தத் தண்ணீர் நான்கு வகைச் சுமையோடு வெளியே வருகிறது.

முதலாவது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்புப் போடுகிறோம். ஊறவைக்கும் தொட்டியில் அந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைகிறது. இரண்டாவது, முடி நீக்கப் போடும் சுண்ணாம்பும் சல்பைடும். மூன்றாவது, தோலிலிருந்து பிரியும் கொழுப்பு, சவ்வு, முடி. நான்காவது குரோமியம். வழக்கமான முறையில் போட்ட குரோம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கழிவு நீரிலேயே தங்கிவிடுவதுண்டு.

இவற்றில் கொழுப்பையும் சவ்வையும் நுண்ணுயிர்த் தொட்டிகள் சிதைத்துவிடும். குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். ஆனால் கரைந்த உப்பை நுண்ணுயிர் எதுவும் தின்னாது. அதை நீக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. கழித்த உவர்நீரைக் காய்ச்சி வற்றவைக்க ஆவியாக்கிகள் வேண்டும். மின்கட்டணம் அங்கேதான் ஏறுகிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்குவாரில்லை. அது மூட்டை மூட்டையாகக் குவிகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் போராடுவது இந்தச் செலவோடுதான்.

செலவைத் தவிர்க்க நினைப்பவருக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். இரவு, அல்லது நல்ல மழை. வால்வைத் திறந்துவிட்டால் காலையில் ஆற்றில் நுரை மட்டும் மிஞ்சும். யாருடைய நுரை என்று அதில் பெயர் எழுதியிருக்காது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சுற்றுச்சூழல் என்பது வெளிநாட்டு வாங்குவோர் கொண்டுவந்த புதுப் பேச்சு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அது சரியல்ல. பிறருக்குத் தீங்கு தருவதற்கு இஸ்லாத்தில் இடமில்லை என்ற நபிமொழியிலிருந்துதான் தீங்கு அகற்றப்பட வேண்டும் என்ற ஃபிக்ஹு விதி வந்தது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு உருவானது. அதில் நமது ஊருக்காகவே எழுதியதுபோல் ஒரு விதி இருக்கிறது. ஒருவருடைய கிணற்றுக்கு அருகில் இன்னொருவர் கழிவுக் குழியோ சாக்கடையோ அமைத்து, அதனால் கிணற்று நீர் கெட்டால், அந்தத் தீங்கை நீக்கும்படி அவர் கட்டாயப்படுத்தப்படுவார். நீக்க வழியில்லை என்றால் அந்தக் குழியையே மூட வேண்டும். கழிவுக் குழி அவருடைய சொந்த நிலத்தில் இருந்தாலும் சட்டம் அதேதான். 1996இல் நமக்குப் புதிதாகத் தோன்றிய தீர்ப்பு நமது சொந்தக் கிதாபுகளில் ஏற்கெனவே இருந்தது.

கப்பலில் பயணம் செய்தவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமை நமக்கெல்லாம் தெரியும். சீட்டுக் குலுக்கியதில் சிலருக்கு மேல் தளம், சிலருக்குக் கீழ் தளம் கிடைத்தது. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று தங்கள் பங்கில் ஓட்டை போட எண்ணினார்கள். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். ஓட்டை போட நினைத்தவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தங்கள் இடத்தில், தங்கள் தேவைக்கு, தங்களுக்குத் தோன்றியதைச் செய்யப் பார்த்தார்கள். ஓட்டை போட்டவரோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்தே மூழ்குவார்கள் என்பது அந்த உவமையின் எச்சரிக்கை.

சதகாவால் கழியுமா?

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். இதை எழுதும்போது நமக்கே கை தயங்கியது.

நமது அறக்கட்டளையின் கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவை உதவித்தொகை ஆகியவற்றில் பெரும்பகுதி தோல் தொழில் குடும்பங்களின் ஜகாத்திலும் சதகாவிலும் வருகிறது. தாராளமான மனது உள்ளவர்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் ஒரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. தொழிலில் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், அதற்குத்தான் நிறையக் கொடுக்கிறோமே என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளும் நாமும் மௌனமாக இருந்து அந்த எண்ணத்துக்குத் துணைபோயிருக்கிறோம்.

ஜகாத் நமது செல்வத்தில் ஏழைக்கு உள்ள பங்கைக் கொடுத்து அந்தச் செல்வத்தைத் தூய்மையாக்குகிறது. பிறர் உரிமையைப் பறித்ததற்கு அது அபராதம் ஆகாது. மார்க்க அறிஞர்கள் உரிமைகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டியவை ஒன்று. ஹுகூகுல் இபாத், அதாவது அடியார்களின் உரிமைகள் மற்றொன்று. முதலாவதில் தவறியவர் தௌபா செய்தால் அல்லாஹ் மன்னிக்கலாம். இரண்டாவதில் தௌபா மட்டும் போதாது. எடுத்ததை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மனதார மன்னிக்க வேண்டும். கிராமத்துக் கிணற்றைக் கெடுத்துவிட்டு நகரத்து மதரஸாவுக்குக் கட்டடம் கட்டினால், கிணற்றுக்காரருக்குத் தர வேண்டியது அப்படியே பாக்கி நிற்கும். அவர் எந்த மதத்தவர், எந்தச் சாதி என்பதால் அந்தப் பாக்கி ஒரு பைசாவும் குறையாது.

திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். பணமும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். நபியவர்கள் கொடுத்த விளக்கம் வேறு. தொழுகை, நோன்பு, ஜகாத் என்று நிறைய அமல்களோடு மறுமையில் ஒருவர் வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் பொருளை உண்டிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். அவருடைய நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்கு வைக்கப்படும். அவை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர் மேல் சுமத்தப்படும். முஸ்லிம் நூலில் உள்ள இந்தச் செய்தியை 29,193 என்ற எண்ணோடு சேர்த்து ஒரு முறை யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் வரிசையில் நின்றால் எவருடைய அமல் போதும்?

உள்ளே வேலை செய்பவரின் ஹக்கு

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு பாய்ந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூடியது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்ய வந்த இடத்தில் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவர்களுக்குப் படுக்க இடம் கிடைத்தது.

தொட்டிக்குள் இறங்கி இறப்பவர்கள் பற்றிய செய்தியும் நமது பகுதிக்குப் புதிதல்ல. காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவோடு அமிலக் கழிவு சேர்ந்தால் அது கிளம்பும். மூடிய தொட்டியில் சேறு அழுகினாலும் கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஆகவே வாயு அளக்கும் கருவி, காற்றூதி, கயிறும் பெல்ட்டும், வெளியே காவலுக்கு ஓர் ஆள் ஆகிய எல்லாம் இல்லாமல் யாரையும் தொட்டியில் இறக்கக் கூடாது. இறங்கச் சொன்னால் மறுப்பது தொழிலாளியின் உரிமை. இதை வீட்டில் உள்ள பெண்கள் தங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

கூலி விஷயமும் இதில் அடக்கம். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த நபிவழி. ஆனால் இ.எஸ்.ஐ. பதிவில் பாதிப் பேரை மட்டும் காட்டுவதும், மற்றவர்களை ஒப்பந்தக்காரர் கணக்கில் தள்ளுவதும் நடக்கிறது. வீட்டில் அப்பர் தைக்கும் நமது சகோதரிகளுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. எத்தனை ஜோடி, என்ன விலை என்று எழுத்தில் கிடையாது. சிறு குறை சொல்லிக் கூலியைப் பிடிக்கிறார்கள். அளவில் மோசம் செய்வோரை எச்சரித்து ஒரு தனி சூராவே, 83ஆவது அத்தியாயமாக, இறங்கியிருக்கிறது. தராசில் குறைப்பதும் ஜோடிக் கணக்கில் குறைப்பதும் ஒன்றேதான்.

என்ன செய்யலாம்?

தொழிலை மூடச் சொல்வது எளிது. மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளிதான். ஆகவே அவரவர் இடத்திலிருந்து செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

டேனரி நடத்துபவர்களுக்கு:

1. தோலை ஊறவைக்கும் முன் உப்பை உதறி எடுங்கள். துளையிட்ட டிரம்மில் சுழற்றியோ, சட்டத்தில் தட்டியோ உதிர்க்கலாம். தரையில் விழும் ஒவ்வொரு கிலோ உப்பும் ஆவியாக்கியில் எரிக்க வேண்டிய செலவை மிச்சப்படுத்தும். செலவு குறைவான, பலன் அதிகமான முதல் வேலை இதுதான்.

2. குரோம் நீரைத் தனி வாய்க்காலில் பிரித்துச் சேகரியுங்கள். மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய சரக்கை ஏன் சாக்கடையில் விட வேண்டும்?

3. சல்பைடைக் குறைக்கும் நொதி முறைகளும், தண்ணீர் சேர்க்காமல் குரோம் ஏற்றும் முறையும் சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகியுள்ளன. நமது வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம். பொறியியல் படித்த பிள்ளைகளை அங்கே அனுப்பிக் கேட்கச் செய்யுங்கள்.

4. குரோமியம் ஆறு என்ற நச்சு வடிவம் தோலில் உருவாகாமல் கவனியுங்கள். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், சருமத்தைத் தொடும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்க முடியாது. அயல்நாட்டுக்காரர் காலுக்குக் காட்டும் கவனத்தைப் பக்கத்து ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீருக்கும் காட்டுவோம்.

5. மறைக்காதீர்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். சோதனை நாளில் மட்டும் ஓடும் இயந்திரமும் அடியில் ஈரத்தை மறைத்த குவியல்தான்.

சிறு ஜாப் ஒர்க் நடத்துபவர்களுக்கு: உங்கள் சிரமம் எங்களுக்குத் தெரியும். ஒழுங்காகச் செய்பவருக்குச் செலவு கூடும். குறுக்கு வழியில் போகிறவர் விலையைக் குறைத்து ஆர்டரைப் பிடித்துவிடுவார். இது தனி ஆளால் தீராது. நாலைந்து பேர் சேர்ந்து உப்பு உதிர்க்கும் டிரம்மோ வாயு அளக்கும் கருவியோ வாங்க முன்வந்தால், நமது அறக்கட்டளை பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன், அதாவது கர்ளே ஹஸனா, தர நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது.

பெரிய நிறுவனங்களுக்கு: ஜாப் ஒர்க் விலையைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, கழிவு எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்து விலை கொடுங்கள்.

குடும்பங்களுக்கு: குர்பானித் தோல் நமது கையில் இருக்கும் பொறுப்பு. அறுப்பவர் அவசரத்தில் கத்தி போட்ட தோலுக்கு மதிப்பில்லை. நிதானமாக உரிக்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் உப்புத் தடவுங்கள். விலை குறைந்துவிட்டது என்று ஆட்டுத் தோலைக் கால்வாயில் வீசுவது, வீணாக்காதீர்கள் என்று மைமூனா (ரலி) வீட்டு ஆட்டைக் காட்டிச் சொன்ன வழிகாட்டுதலுக்கு நேர்மாறானது. இரத்தத்தையும் குடலையும் குழி தோண்டிப் புதையுங்கள்.

நமது அறக்கட்டளைக்கு: இவ்வாண்டு முதல் குர்பானித் தோலை வாங்க வரும் மண்டிக்காரரிடம், எந்த டேனரிக்குப் போகிறது, அது சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்ததா என்று கேட்டுத்தான் கொடுப்போம். தோலுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை. பெருந்தொகை நன்கொடை தருபவரிடம், உங்கள் கழிவு நீர் எங்கே போகிறது, இழப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பாக்கி உண்டா என்று மரியாதையோடு கேட்போம். பாக்கி இருந்தால், எங்களுக்குத் தருவதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள் என்போம். இதனால் நமது வரவு குறையலாம். குறைந்ததைச் சிறு சிறு சந்தாவில் ஈடுகட்ட உங்கள் எல்லாருடைய உதவியும் தேவை.

வீட்டில் பேசிப் பார்க்க

மக்ரிபுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து இவற்றைப் பேசுங்கள்.

1. நமது வீட்டு வருமானம் வரும் இடத்திலிருந்து தண்ணீர் எங்கே போகிறது? தெரியாவிட்டால், யாரிடம் கேட்கலாம்?

2. நம்மால் நஷ்டப்பட்டவர் ஒருவர் நினைவுக்கு வருகிறாரா? அவருக்குத் திருப்பித் தர வேண்டியது என்ன?

3. ஆற்றில் நுரை கண்டபோது நாம் என்ன செய்தோம்? கப்பலில் நாம் எந்தத் தளத்தில் இருக்கிறோம்?

ஒளு செய்ய உட்காரும்போது குழாயைத் திறக்கிறோம். அந்தத் தண்ணீர் இன்று லாரியில் வருகிறது, அல்லது ஆழ்துளையில் நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழிருந்து வருகிறது. நமது பாட்டனார்கள் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறிய தண்ணீரில் ஒளு செய்தவர்கள். அடுத்த தலைமுறைக்கு அது திரும்பக் கிடைக்குமா என்பது நமது கையிலும் இருக்கிறது.

யா அல்லாஹ், ஹலாலான ரிஜ்கையும், அதைத் தேடும்போது பிறர் ஹக்கைப் பறிக்காத மனதையும் எங்களுக்குத் தருவாயாக. எங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கணக்குத் தீர்க்கும் துணிவைத் தருவாயாக. ஆமீன்.